முக்கால் மாத்திரையும் வடபழனி விபூதியும்

போன கோடை விடுமுறையில் ஒரு வாரம், என் மகள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தேனில் குழைத்துச் சாப்பிட்டது மருந்தா, விபூதியா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. சில நாள் அது, சில நாள் இது என்கிறார் என் கணவர். எந்தச் சண்டையையும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறவர் அவர். எதைச் சாப்பிட்டிருந்தால் என்ன, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள் என்கிறார் மாமியார். நான்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பதில் எனக்குப் பயிற்சி அதிகம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, மயிலாப்பூர் குளம் தாண்டிப் போன பிறகும் வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான். அப்படித் திரும்பி வந்த ஒருமுறைகூட அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. அதனால் நான் திரும்பி வருவதை விட்டுவிடவும் இல்லை.

இதெல்லாம் தொடங்கியபோது மகளுக்கு ஏழு வயது. ‘ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள்’ என்று யாரிடம் சொன்னாலும், ‘எங்காத்துலயும் அப்படித்தான்’ என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ரங்கநாதன் தெருவில், தீபாவளிக் கூட்டத்தில், என் கையை உதறிக்கொண்டு போய் ஒரு பாத்திரக் கடையில் அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர், “இன்னாம்மா, அண்டா வோணுமா, பாப்பா வோணுமா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே தூக்கி வந்தேன். மாம்பலம் ஸ்டேஷனில் பிளாட்பார விளிம்பில் நின்று, வருகிற ரயிலை எட்டிப் பார்த்தாளே, அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பள்ளியில், ஒரு கூட்டல் கணக்கைப் போட ஆரம்பித்து விடை எழுதுவதற்குள் ஜன்னல், பென்சில் பெட்டி, பக்கத்துப் பெண்ணின் ரிப்பன் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வருவாள். ராத்திரி தூக்கமும் கிடையாது. படுக்கையில் கிடந்தபடி பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சு நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கடைசியில் அடையாறில், குழந்தைகளின் நடத்தையைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அக்கம்பக்கத்தில் கண் டாக்டர் என்று சொல்லி வைத்தேன். பொய் சொன்னால் அதற்கு ஏற்ற பொருளும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. “எங்கேம்மா கண்ணாடி?” என்று மாடி வீட்டு மாமி ஆறு மாதம் விடாமல் கேட்டார்.

கவனம் நிலைகொள்ளாமையும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் சேர்ந்த நிலை இது, வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கடைசி வார்த்தையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இதற்கு வெளிநாட்டில் கொடுக்கிற மருந்து இங்கே சுலபமாகக் கிடைக்காதாம். கிடைத்தாலும் அது பசியையும் தூக்கத்தையும் குறைக்குமாம். இவளுக்கோ தூக்கமே இல்லை. அதனால் வேறு வகை மருந்து ஒன்றை எழுதினார். குளோனிடின் என்று பெயர். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை அது. இந்தத் துறுதுறுப்பையும் கொஞ்சம் தணிக்கும் என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். மாமியாருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. தன் மாத்திரைக்குப் போட்டியாகப் பேத்தி வந்துவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஏண்டிம்மா, ஏழு வயசுக் குழந்தைக்கு பிபி மாத்திரையா? யாராத்துலயாவது கேட்டிருக்கியா?”

“டாக்டர்தாம்மா சொன்னார்.”

“டாக்டர் சொல்லுவா. எனக்கு பிபி வந்ததே அம்பது வயசுலதான். அதுவும் சும்மா வரல, உங்க மாமனாரோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிண்டு அப்புறம் வந்தது!”

மாத்திரையைத் தொடங்கிய அன்று நான் மனதுக்குள் வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இந்த மாத்திரை நல்லபடியாக நின்றால் குழந்தைக்கு முடி இறக்குகிறேன் என்று. யாருடைய முடி என்பதைக் கவனியுங்கள். இடுப்பு வரை தொங்குகிற பின்னல் எனக்கும்தான் இருந்தது. நான் தாராளமாகக் கொடுக்கும் பொருளெல்லாம் பிறத்தியாருடையதாகவே இருக்கிறது.

மாத்திரை உதவியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்தாள். ராத்திரி தூங்கினாள். ஒரு வருஷம் போனது. பிறகு காலையில் எழுப்பினால் எழுந்திருக்காமல், பள்ளிக்குப் போய் மேஜையில் தலை சாய்த்துத் தூங்குகிறாள் என்று புகார் வந்தது. உட்காரவில்லை என்று புகார் சொன்ன அதே டீச்சர்தான். மே மாத விடுமுறையில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

“ஆனா ஒரு விஷயம். இதைச் சட்டுன்னு நிறுத்தக்கூடாது,” என்றார். “இத்தனை நாளா பிபிய இந்த மாத்திரை கீழ பிடிச்சு வெச்சிருக்கு. திடீர்னு கைய எடுத்தா மேல எகிறும். முகம் சிவக்கும், தலைவலி வரும், படபடப்பு வரும். அதனால படிப்படியாதான் இறங்கணும். முதல்ல காலைல குடுக்கற அரையை நிறுத்துங்க. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு, ராத்திரி ஒண்ணை அரையாக்குங்க. அப்புறம் அரையையும் விட்டுடலாம். ஒவ்வொரு படிக்கும் இங்க வந்து பிபி பாத்துக்கணும். நடுவுல ஒரு வேளை மறந்துபோனா மறுநாள் சேர்த்துக் குடுக்காதீங்க. அவ்ளோதான், ரொம்ப சிம்பிள்.”

சிம்பிள் என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம் வந்துவிடும்.

காலை அரை மாத்திரையை டாக்டர் சொன்னபடியே நிறுத்தினேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து ஒன்றை அரையாக்க வேண்டும். இங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து அரை என்றால் சரிபாதி இல்லையா? அது படியா, பள்ளமா? டாக்டருக்கு ஆயிரம் குழந்தைகள், எனக்கு ஒன்று. நடுவில் ஒரு முக்கால் மாத்திரை வைத்தால் குழந்தை இன்னும் மெதுவாக இறங்குவாள் அல்லவா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவரை நம்பாதது போல ஆகிவிடுமே என்று கேட்கவில்லை.

மாத்திரையை பிளேடால் நாலாக்கப் பார்த்தேன். குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும் ஒரு பொருளை நாலாக்குவது எப்படி? ஒரு துண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. இன்னொன்று பொடியாகி விரலில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் நான் பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு என்பது நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு நான் கொடுத்த ஒரே வேலை, சாம்பாரில் உப்பு கூடினால் என்ன செய்வது என்று யோசித்ததுதான். மூன்று மாத்திரைகளை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, பிளேடால் நாலு பங்கு போட்டேன். பங்குக்கு முக்கால். காகிதத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பங்கையும் ஒரு பொட்டலமாக மடித்தேன். இப்படியே இரண்டு வாரத்துக்கு. அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பொட்டலங்களை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் மகள் ஏறாத இடம் பூஜை அலமாரி ஒன்றுதான். பாட்டிக்குப் பயந்து அதை மட்டும் விட்டு வைத்திருந்தாள். அங்கே பழைய விபூதி டப்பா ஒன்று காலியாக இருந்தது. கழுவித் துடைத்து, பொட்டலங்களை அடுக்கி மூடினேன். மீதிக் காகிதச் சதுரங்களையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். ஒழுங்கு!

இதற்கிடையே மாமியார், மாத்திரை குறைய ஆரம்பித்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் பிடித்து வடபழனிக்குப் போய்வர ஆரம்பித்திருந்தார். மாத்திரை நிற்கப் போகிறது என்றதும் என் வேண்டுதலை அவரிடம் சொல்லியிருந்தேன்; முடி இறக்க நாளும் பார்த்துவிட்டார். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நல்ல நாள். மகளிடம் விஷயத்தை அவர்தான் உடைத்தார்.

“எனக்கு மொட்டையா?” என்று தன் இரட்டைப் பின்னலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “யாரு வேண்டிண்டா?”

“உங்கம்மாதான்.”

“அப்ப அம்மாக்கே போடுங்கோ!”

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிக்கும் சத்தம் கேட்டது. மொட்டை வேண்டாம், மூன்று கொத்து முடியைக் கத்தரித்துப் பூமுடியாகக் கொடுத்தால் போதும் என்று பேசி முடித்தோம். முருகனோடு அல்ல, மகளோடு.

முக்கால் மாத்திரை தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். மகளின் முகம் சிவந்து கிடந்தது. ராத்திரி மறுபடியும் பேச்சு நிற்கவில்லை. “தலை வலிக்கறது,” என்றாள். வெளியில் கத்திரி வெயில்; யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? நுங்கு வாங்கிக் கொடுத்தேன். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். மறுநாள், “நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டறா மாதிரி இருக்கும்மா,” என்றாள். மாடிப்படியில் நாற்பது தரம் ஏறி இறங்கினால் தட்டத்தான் தட்டுவார்கள் என்று சொல்லி நீர்மோர் கொடுத்தேன். அதே ராத்திரி, தேனை நக்கிவிட்டு, “மருந்து கோயில் வாசனை அடிக்கறது,” என்றாள். நாள் பூராவும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிற குழந்தை. “பேசாம முழுங்கு,” என்றேன்.

மறுநாள் காலை. கணவர் குளித்துவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் பூஜை அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா இது, முருகனும் சிக்கனம் பிடிக்க ஆரம்பிச்சாச்சா? பொட்டலத்துல ஒரு சிட்டிகைகூட இல்ல,” என்று தன் அம்மாவைக் கேட்டார். “நெத்தியில இட்டா உதிர்றது. வாயில போட்டுண்டா கசக்கறது.”

நான் சமையலறையில் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். கையில் தோசைத் திருப்பியோடு அப்படியே வந்து நின்றேன்.

“எந்த டப்பாலேர்ந்து எடுத்தேள்?”

“விபூதி டப்பாலேர்ந்துதான். வேற எதுலேர்ந்து எடுப்பா?”

மாமியார் பக்கம் திரும்பினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “செவ்வாக்கிழமை கொண்டுவந்த விபூதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம்னு சின்னச் சின்னதா மடிச்சு வெச்சேன். நீதான் அழகா காகிதம் வெட்டி வெச்சிருந்தியே. டப்பால ஏற்கெனவே பாதி இருந்தது. நம்மாத்து மாட்டுப்பொண்ணுக்கு இப்பவாவது பக்தி வந்துடுத்தேன்னு நெனச்சுண்டேன்.”

கணவர் நெற்றியில் இருப்பது மருந்து என்றால், இத்தனை நாள் மகளின் வயிற்றுக்குள் போனது எது? சட்டென்று நிறுத்தக்கூடாது, சட்டென்று நிறுத்தக்கூடாது என்று பயந்து, ஒன்றுக்கும் அரைக்கும் நடுவில் இன்னொரு படி வைத்துக் கட்டிய நான், ஒரேயடியாக நிறுத்திவிட்டேனா? முகம் சிவந்தது, தலைவலி, கதவு தட்டுகிற நெஞ்சு, எல்லாம் டாக்டர் அன்றைக்கே சொன்னவை. வரிசை மாறாமல் வந்திருந்தன. நான் நுங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

டப்பாவைத் தரையில் கவிழ்த்துப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தேன். எல்லாம் வெள்ளை. எது கூடுதல் வெள்ளை என்று பார்க்கக் குனிந்தபோது கணவர், “இருட்டா இருக்கே, லைட்டைப் போடறேன்,” என்று ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டார். முருகன் பிரசாதமும் மருந்தும் ஒன்றாகக் கலந்து சோபா, காலண்டர், மாமியார் என்று எல்லார் மேலும் படிந்தது. மூலையில் தப்பிய ஒன்றிரண்டு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் தேடி ஓடினேன். சாம்பலில் புளிப்பு பட்டால் நுரைக்கும், மருந்தில் நுரைக்காது என்று கல்லூரியில் படித்த ஞாபகம்.

“விபூதில எலுமிச்சம்பழத்தைப் பிழியறாளே!” என்று மாமியார் அலறினார். “டேய், இவள நிறுத்துடா. ஆத்துல யாருக்குச் செய்வினை வெக்கறா?”

“இரு, இரு,” என்றார் கணவர். சோபாவில் உட்கார்ந்து ஒரு கையால் மறு கையின் நாடியைப் பிடித்திருந்தார். “நான் வேற வாயில போட்டுண்டேனே. எனக்கு பிபி எறங்கறாப்பல இருக்கு. தூக்கம் வர்றது.”

“உங்களுக்கு எப்பத்தான் தூக்கம் வரல?” என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவரைப் பார்த்து நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல்முறை.

பிறகு மகளை விசாரித்தேன். எந்தெந்த ராத்திரி கோயில் வாசனை அடித்தது?

“எல்லா நாளும்.”

“நன்னா யோசிச்சுச் சொல்லு.”

“இல்ல, ஒரு நாள்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சனிக்கிழமை மாவடு மாதிரி இருந்தது,” என்றாள்.

மாடி வீட்டு மாமியின் போனிலிருந்து கிளினிக்குக்குப் பேசினேன். உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள், நீங்களாக மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள் என்றார்கள். மாமியின் நெற்றியில் புது விபூதி பளிச்சென்று இருந்தது. அது எங்கள் வீட்டுப் பொட்டலம்தானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் இறங்கி வந்தேன். மாமிக்கு மாமியார் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆட்டோவில் மகளை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டேன். தாகமாக இருக்கிறதா, கண் நன்றாகத் தெரிகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அடையாறு பாலத்தின் மேல் அவள் என் பிடியிலிருந்து வழுக்கி வெளியே தலையை நீட்டி, “அம்மா, ஆறு நாத்தம் புடிக்கறது!” என்று கத்தினாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போன்னு சொன்னியே. யாருக்கு உடம்பு சரியில்ல? பாப்பா நல்லா குதிச்சிகினுதானே கீது?”

“பாப்பாவுக்குத்தாங்க.”

“எனக்கு இன்னாவோ உன்னைப் பாத்தாத்தான் பயமா கீது,” என்று சொல்லி வேகத்தைக் கூட்டினார்.

டாக்டர் குழந்தைக்கென்று இருக்கும் சின்னப் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். எனக்கு அப்போது வேறு எதுவும் காதில் விழவில்லை, காற்று பிதுங்கி வெளியேறுகிற அந்தச் சத்தத்தைத் தவிர. மறுபடி பார்த்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை.

“கூடித்தான் இருக்கு,” என்றார். “ஆனா ஆபத்தான அளவு இல்ல. கொஞ்சம் மருந்தும் உள்ள போயிருக்கும்போல. என்ன நடந்தது, சொல்லுங்க.”

சொன்னேன். முக்கால், மூன்று மாத்திரைக்கு நாலு பங்கு, விபூதி டப்பா, ஃபேன், எலுமிச்சம்பழம் வரை எதையும் விடவில்லை. அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். அது கவலை இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

“யாரு உங்களைப் பொடி பண்ணச் சொன்னது?”

“மெதுவா இறங்கட்டும்னு…”

“மாத்திரை நடுவுல ஒரு கோடு இருக்கு பாருங்க. அது எதுக்கு? பாதியா உடைக்க. அதனாலதான் அரைன்னு சொன்னேன். முக்கால் நல்லதுன்னா நானே சொல்லியிருக்க மாட்டேனா? சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க. எத்தனை தரம் பண்ணாலும் பரவாயில்ல. வீட்டுல ஆராய்ச்சி மட்டும் வேண்டாம்.”

அங்கேயே அரை மாத்திரை கொடுத்தார்கள். தவறிப்போன நாட்களுக்கும் சேர்த்து ஒன்றரையாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் மாத்திரை அட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று அவர் முன்பே சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மத்தியானம் வரை கிளினிக்கிலேயே உட்கார்ந்திருந்தோம். மகள் அங்கே இருந்த மரக் குதிரையை ஓட்டி ஓட்டி அதன் வாலைக் கழற்றினாள். அவ்வப்போது கூப்பிட்டு அழுத்தம் பார்த்தார்கள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. கடைசியில் நர்ஸ், “நார்மல்,” என்றபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் சாய்ந்துவிட்டேன்.

பெரியவர்கள் பட்டையைக் கொண்டுவந்து எனக்குச் சுற்றினார்கள். டாக்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, “உங்க பொண்ணுதான் உங்களைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்போல,” என்றார். மகள் மிகவும் சந்தோஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் டாக்டர் சொன்னபடிதான். ராத்திரி அரை மாத்திரை. நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நாள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கும் ஆள் நான் ஒருத்தி மட்டும். கோட்டில் உடைத்து, மற்ற பாதியை அடுத்த நாளுக்கு மருந்துக் கடைச் சீசாவில் போட்டு, சீசாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் கணக்கு இடித்தது. இப்படிப் போனால் மாமியார் பார்த்த நல்ல நாளில் மாத்திரை நின்றிருக்காது. மாத்திரை நின்றால்தான் முடி என்பது வேண்டுதல். ஆதம்பாக்கத்திலிருந்து நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. சர்க்கரைப் பொங்கலுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்து, எப்படிப் பதில் சொல்வது என்று குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்தேன். ‘அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்கோ’ என்பதற்கு மேல் போகவில்லை.

மாமியார் அந்த வாக்கியத்தையும் முடிக்க விடவில்லை.

“நாளை மாத்தியாச்சு,” என்றார். “ஆவணியில வெச்சுக்கலாம். ஆதம்பாக்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

“முருகன் கோச்சுக்க மாட்டாராம்மா?”

“அவன் காத்திண்டிருப்பான். அவாத்துலயும் ரெண்டு பொண்டாட்டி, காத்திண்டிருந்து பழக்கம்தான். நீ அந்த டாக்டர் சொல்றபடி செய். இன்னொரு தரம் உன் மூஞ்சியை அப்படிப் பாக்க என்னால ஆகாது. எனக்குந்தான் பிபி இருக்கு.”

பள்ளி திறந்த பிறகு ஒரு நாள், அரை மாத்திரையும் நின்றது. மறுநாள் காலை எழுந்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும். அந்த வாரம் இரண்டு முறை அடையாறுக்குப் போனோம். அழுத்தம் சரியாக இருந்தது. அடுத்த மாதமும் சரி. தலைவலி இல்லை, கதவைத் தட்டுகிறவர்கள் யாரும் இல்லை. ஆவணியில் வடபழனிக்குப் போய் மூன்று கொத்து முடி கொடுத்தோம். நாவிதரின் கத்தரிக்கோலை விட்டு மகள் கண்ணை எடுக்கவில்லை. பேசியதைவிட ஒரு மயிர் கூடுதலாகப் போய்விடக்கூடாதே. மாத்திரையிலிருந்து அவள் நல்லபடியாக இறங்கிவிட்டாள். அவ்வளவு ஆட்டம் ஆடி எனக்குக் கிடைத்த இந்த முடிவு, முதலிலேயே சொன்னபடி கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

மாத்திரை இல்லாமல் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். மேஜையில் தூங்குவதில்லை. முன்பு போல அண்டாவுக்குள்ளும் உட்காருவதில்லை. ஆனால் கணக்கு நோட்டில் பாதிக் கூட்டல் விடையில்லாமல் நிற்கிறது. பேச்சும் கூடியிருக்கிறது. பொறுத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் அப்புறம் யோசிக்கலாம், இப்போதைக்கு வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைத்து, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்கிறார் டாக்டர்.

என் பிரச்சினை அங்கேதான். முன் வரிசையில் உட்கார வைக்க டீச்சரிடம் காரணம் சொல்ல வேண்டும். இந்த வருஷம் புது டீச்சர். அவருக்கு எதுவும் தெரியாது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இப்போது நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு ஒரு பென்சில் கீழே விழுந்தாலும் ‘மாத்திரையை நிறுத்தினதுதான்’ என்பாரோ? அடங்காத பெண் என்று முத்திரை குத்திவிடுவாரோ? சொல்லாமல் விட்டால், வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துக் குழந்தையை வெளியே நிற்க வைப்பாரோ? கண் சரியாகத் தெரியவில்லை, முன்னால் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிடு என்கிறார் கணவர். அதில் எனக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது.

குழந்தைக்கு இந்த மாதிரி மருந்து கொடுத்து நிறுத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், டீச்சரிடம் சொன்னீர்களா, எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள், அதற்குப் பிறகு குழந்தையை அவர் எப்படி நடத்தினார் என்று தயவுசெய்து எழுதுங்கள். சொல்லாமல் விட்டவர்களும் எழுதலாம். டீச்சரைப் பார்க்க வேண்டிய நாள் வருகிற சனிக்கிழமை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது போயிருக்கும் என்று தெரியும். என்னை நான் அறிந்தவரை, அன்றைக்கு மழையைப் பற்றியும் தண்ணீர் லாரியைப் பற்றியும் பேசிவிட்டுத்தான் திரும்பியிருப்பேன். அதனால் தாமதமானாலும் எழுதுங்கள்.